வாங்கியது எத்தனை, பறப்பது எத்தனை?

2025 ஜூன் 14 அன்று இரவு, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலிலிருந்து கிளம்பிய எஃப்-35பி போர் விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் இறங்கியது. வானிலை சரியில்லை, எரிபொருளும் குறைந்துவிட்டது, கப்பலுக்குத் திரும்ப வழியில்லை. எரிபொருள் நிரப்பிக்கொண்டு உடனே கிளம்பியிருக்க வேண்டிய விமானம். கிளம்பும் முன் செய்த சோதனையில் ஹைட்ராலிக் கோளாறு தெரிந்தது. கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் வந்தவர்களால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. ஜூலை 6ஆம் தேதி பிரிட்டனிலிருந்து ஏ400எம் விமானத்தில் பொறியாளர் குழு ஒன்று கருவிகளோடு வந்து சேர்ந்தது. ஜூலை 22ஆம் தேதிதான் அந்தப் போர் விமானம் புறப்பட்டுப் போனது. இடைப்பட்ட ஐந்து வாரத்தில் கேரளச் சுற்றுலாத் துறை அதை வைத்து விளம்பரமே போட்டுவிட்டது. நாமும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியபின் யோசிக்க வேண்டிய விஷயம் அதில் இருந்தது. பத்து கோடி டாலருக்கு மேல் விலையுள்ள, உலகின் மிக நவீனமான போர் விமானங்களில் ஒன்று அது. அதை ஐந்து வாரம் தரையில் நிறுத்த எதிரியின் ஏவுகணை தேவைப்படவில்லை. சரியான பாகமும், அதைப் பொருத்தத் தெரிந்த ஆளும், பொருத்தியபின் சரிபார்க்கும் கருவியும் ஒரே இடத்தில் இல்லாமல் போனதே போதுமானதாக இருந்தது.

இது தற்செயலான விபத்தல்ல என்பதை அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் எழுதிவைத்திருக்கிறது. 2023 மார்ச் நிலவரப்படி அமெரிக்காவின் எஃப்-35 விமானங்களில் எந்த நேரத்திலும் பணிக்குத் தயாராக இருந்தவை சுமார் 55 சதவீதம். இலக்கு 85 முதல் 90 சதவீதம். பழுதுபார்க்கும் மையங்களை உரிய காலத்தில் அமைக்காததால் 10,000-க்கும் மேற்பட்ட பாகங்கள் பழுதுக்காக வரிசையில் காத்துக் கிடந்தன. அதே ஆண்டின் இன்னொரு அறிக்கை இதைவிட வேடிக்கை. 2018 மே முதல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எஃப்-35 உதிரிபாகங்கள் காணாமல்போயிருக்கின்றன, மதிப்பு எட்டரைக் கோடி டாலருக்கு மேல். தொலைந்த கணக்கு ஒப்பந்த நிறுவனத்திடம் இருந்தது. உரிமையாளரான அரசிடம் அந்தப் பாகங்களுக்குச் சரியான பேரேடே இல்லை. அமெரிக்கப் படைகளின் 49 வகை விமானங்களை 2011 முதல் 2021 வரை ஆராய்ந்தபோது, பெரும்பாலான ஆண்டுகளில் இலக்கைத் தொட்டவை நான்கே வகைகள். 26 வகைகள் ஒரு ஆண்டுகூடத் தொடவில்லை.

பணத்துக்குப் பஞ்சமில்லாத, விமானத்தைத் தானே செய்யும் நாட்டின் கதை இது. பெரும்பாலான போர் விமானங்களைப் பிறரிடம் வாங்கியும், பிறர் தந்த உரிமத்தில் கட்டியும் பறக்கவிடும் நம் கதை எப்படி இருக்கும்?

சுகோய்-30 எம்கேஐ-யிலிருந்து தொடங்கலாம். இந்திய விமானப்படையின் முதுகெலும்பு அதுதான். மொத்தம் 272 வாங்க ஒப்பந்தமாகி, இன்று 260 சொச்சம் இருக்கின்றன. படையில் உள்ளவற்றில் 75 சதவீதம் எந்நேரமும் பறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது விமானப்படையே வகுத்த அளவுகோல். 2015இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை, உண்மையான நிலை 55 முதல் 60 சதவீதம் என்றது. அதற்குச் சற்று முன்பு 50 சதவீதத்துக்கும் கீழே இருந்ததைப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கரே ஒப்புக்கொண்டிருந்தார்.

இந்தச் சதவீதத்தை விமானமாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். 260 விமானங்களில் 55 சதவீதம் என்றால் 143. எழுபத்தைந்து சதவீதம் என்றால் 195. வித்தியாசம் 52 விமானங்கள். ஒரு படையணிக்குப் பதினெட்டு விமானம் என்று வைத்தால் ஏறக்குறைய மூன்று படையணிகள். புதிதாக ஒரு விமானம்கூட வாங்காமல், ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்ட விமானங்களிலிருந்தே கிடைக்கக்கூடிய மூன்று படையணிகள். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தபின் விமானப்படையிடம் எஞ்சியவை 29 போர் விமானப் படையணிகள், அனுமதிக்கப்பட்டவை 42. இந்தப் பள்ளத்தைப் பற்றித் தொலைக்காட்சிகளில் ஓயாமல் பேசுகிறோம். அந்த 29-க்குள்ளேயே எத்தனை படையணிகள் தரையில் நிற்கின்றன என்று கேட்பவர்கள் குறைவு.

சுகோயின் நோய் எங்கே இருந்தது? என்ஜினில் அதிகம் பிடிபட்டது பேரிங் கோளாறு. பேரிங்கின் உலோகம் களைத்துச் சிறு துணுக்குகளாக உதிர்ந்து, மசகு எண்ணெயோடு கலந்து ஓடியது. இரட்டை என்ஜின் விமானம் என்பதால் பல விமானிகள் ஒற்றை என்ஜினோடு பத்திரமாக இறக்கிவிட்டார்கள். அது அவர்கள் திறமை. ஆனால் அப்படி இறங்கிய ஒவ்வொரு விமானமும் அடுத்த என்ஜின் வரும்வரை தரையில்தான் நின்றது. அந்த அடுத்த என்ஜின் எங்கிருந்து வர வேண்டும், எத்தனை கையெழுத்தைத் தாண்டி வர வேண்டும் என்பதுதான் நிஜமான பிரச்சினை.

அந்தப் பாதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். போர் விமானத்தில் பழுதாகும் பாகங்களில் பெரும்பகுதி தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிற சாமான்கள் அல்ல. ரேடார் பெட்டி, எரிபொருள் பம்ப், ஜெனரேட்டர் போன்றவை கழற்றி, பழுதுபார்த்து, மீண்டும் சுழற்சிக்கு வருபவை. படையணியில் கழற்றியது அங்கேயே சரிசெய்ய முடியாததானால் பெரிய பழுதுபார்ப்பு மையத்துக்கோ, அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல்.-இன் தொழிற்சாலைக்கோ போகும். அங்கும் முடியாவிட்டால் கடல் கடந்து அதைச் செய்த ஆலைக்குப் போகும். போக ஒரு அனுமதி, சுங்கம், அங்கே வரிசை, திரும்பச் சுங்கம், சோதனை, கிடங்கு, பிறகு படையணி. இந்தச் சுற்று மூன்று மாதத்தில் முடிந்தால் பத்து உபரிப் பெட்டிகள் போதும் என்று வைத்துக்கொண்டால், பதினெட்டு மாதம் இழுத்தால் அறுபது வேண்டும். நாம் வாங்கி வைத்தது பத்து என்றால் மீதி ஐம்பது இடத்தில் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைகள்தான் தரையில் நிற்கும் விமானங்கள். ஆகவே, உதிரிபாகத் தட்டுப்பாடு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் காலதாமதம். கிடங்கில் பொருள் இல்லை என்பதல்ல. பொருள் எங்கோ வரிசையில் நிற்கிறது.

விமானம் தரையில் நின்றால் படையணிக்கு ஒரு குறுக்குவழி தெரியும். ஏற்கெனவே நிற்கும் இன்னொரு விமானத்திலிருந்து வேண்டியதைக் கழற்றி இதில் பொருத்துவது. நம் அரசுப் பேருந்துப் பணிமனைகளில் ஓடாத பஸ்ஸின் உதிரியைக் கழற்றி ஓடுகிற பஸ்ஸுக்குப் போடுவார்களே, அதே வித்தைதான். அன்றைய பறத்தல் கணக்கு நிறைவேறிவிடும். ஆனால் ஒரு பாகத்துக்கு இரண்டு முறை கழற்றல், இரண்டு முறை பொருத்தல். ஒவ்வொரு முறையும் திருகுமரை தேயும், இணைப்பு முனை வளையும், நல்ல பாகமும் பழுதாகும். 1996 முதல் 2000 வரையான ஐந்தாண்டில் அமெரிக்க விமானப்படையும் கடற்படையும் சுமார் 8,50,000 முறை இப்படிச் செய்து, 53 லட்சம் மணிநேரத் தொழில்நுட்ப உழைப்பைச் செலவழித்தன என்று அவர்களுடைய தணிக்கை சொன்னது. கழற்றப்பட்டு நிற்கும் விமானமோ ஆவணத்தில் முழு விமானமாகவே நீடிக்கும்.

கடற்படையின் மிக்-29கே கதை இன்னும் கசப்பானது. விமானந்தாங்கிக் கப்பலுக்காக ரஷ்யாவிடம் 45 விமானங்கள் வாங்கினோம். 2010 பிப்ரவரியில் படையில் சேர்த்ததிலிருந்து பெற்ற 65 என்ஜின்களில் 40, அதாவது 62 சதவீதம், வடிவமைப்புக் குறைபாட்டால் பணியிலிருந்து விலக்கப்பட்டன என்று 2016இல் சிஏஜி எழுதியது. ஓரிருக்கை விமானங்களில் பறக்கத் தயாராக இருந்தவை 15.93 முதல் 37.63 சதவீதம், பயிற்சிக்கான ஈரிருக்கை விமானங்களில் 21.30 முதல் 47.14 சதவீதம். மிக நல்ல நாளிலும் பாதி கிடையாது. கப்பலைப் புதுப்பிக்கவும் விமானங்களை வாங்கவும் நாடு ஆயிரக்கணக்கான கோடிகளைக் கொடுத்தது. கொடுத்த பணத்துக்குக் கிடைத்த விமானப் பலம் எவ்வளவு என்பதை மேலே உள்ள நான்கு எண்கள் சொல்கின்றன.

பெரிய விமானங்களும் தப்பவில்லை. இலியூஷின் ரகத்தில் சரக்கு விமானமான ஐஎல்-76, 2010 முதல் 2016 வரை சராசரியாக 38 சதவீதமே பறக்கும் நிலையில் இருந்தது. வானிலேயே எரிபொருள் நிரப்பும் ஐஎல்-78, 49 சதவீதம். தேவை 70. இங்கே இரட்டை இழப்பு. எரிபொருள் நிரப்பும் விமானம் ஒன்று நின்றால், அதை நம்பித் தூரம் போகவேண்டிய போர் விமானங்களும் சேர்ந்து கட்டுப்படும்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு வரலாற்றில் ஒரு தேதி உண்டு: 1991. நாம் வாங்கியபோது சோவியத் ஒன்றியம் ஒரே கடை. உடைந்தபின் கடை பல நாடுகளாகச் சிதறியது. ஐஎல்-76 கட்டப்பட்ட ஆலை உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில், வடிவமைப்பு நிலையம் மாஸ்கோவில். ஏஎன்-32 உக்ரைனின் கீவ் நகரத்துப் பிள்ளை, அதன் என்ஜின் அதே நாட்டின் சப்போரிஷியாவிலிருந்து. அந்த ஏஎன்-32 விமானங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் புதுப்பிக்க 2009இல் சுமார் 40 கோடி டாலருக்கு உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டோம். நாற்பதை அங்கே செய்வது, மீதியை அவர்கள் அனுப்பும் பாகங்களைக் கொண்டு கான்பூரில் நாமே செய்வது என்று ஏற்பாடு. 2014இல் ரஷ்யா கிரைமியாவைப் பிடித்துக்கொண்டது. கான்பூருக்கு வரவேண்டிய பாகங்களின் வரத்து சீர்குலைந்தது. லடாக்குக்கும் அருணாசலத்துக்கும் சரக்கு ஏற்றிச் செல்லும் விமானத்தின் ஆயுளை, அந்தப் பக்கம் கருங்கடலோரத்தில் நடந்த ஒரு சண்டை தீர்மானித்தது. 2022க்குப் பின் நிலைமை இன்னும் இறுகியது. 2023ஆம் ஆண்டுக்குத் திட்டமிட்டிருந்த பெரிய விநியோகம் ஒன்றைப் போரின் காரணமாக ரஷ்யாவால் தர இயலாது என்று அந்த ஆண்டில் விமானப்படையே நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் தெரிவித்தது.

மேற்கில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கு 1998 நினைவிருக்க வேண்டும். பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை போட்டபோது, பிரிட்டனில் செய்த நம் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் பாகங்களின்றி முடங்கின. விற்றது பிரிட்டன், உள்ளே இருந்த சில பாகங்கள் அமெரிக்காவுடையவை. ஈரானின் அனுபவம் இதைவிட நீளம். 1979 புரட்சிக்கு முன் வாங்கிய 79 எஃப்-14 விமானங்களோடு அது தனித்து விடப்பட்டது. 2007இல் அமெரிக்கா தன் எஃப்-14 உதிரிகளின் விற்பனையை நிறுத்தி, ஓய்வுபெற்ற விமானங்களைத் துண்டு துண்டாக நொறுக்கியது, ஒரு திருகுகூட அங்கே போய்விடக் கூடாதென்று. உதிரிபாகம் அரசியல் கருவி என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். பாகிஸ்தானின் எஃப்-16களுக்குப் பராமரிப்பு உதவி தருவதா வேண்டாமா என்று வாஷிங்டனில் அவ்வப்போது எழும் விவாதமும் இதே ரகம்தான்.

நட்பு, தடை எதுவும் குறுக்கிடாமலே சிக்கல் வரலாம் என்பதற்குத் தேஜஸ் உதாரணம். இது நாமே வடிவமைத்த விமானம். இதன் முதல் இரண்டு படையணிகளும் கோவைக்கு அருகே சூலூரிலிருந்து பறந்தவை. என்ஜின் மட்டும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துடையது. முதலில் கேட்ட 65 என்ஜின்களை அந்த நிறுவனம் 2016இல் கொடுத்து முடித்தது. மேற்கொண்டு ஆர்டர் இல்லை. உற்பத்தித் தொடரை மூடிவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, அந்த ஆகஸ்டில் மேலும் 99 என்ஜின்கள் கேட்டோம். ஐந்தாண்டு மூடிக்கிடந்த தொடரைத் திறப்பது பூட்டைத் திறப்பது போன்ற வேலை அல்ல. துணைப் பாகம் கொடுத்த சிறு நிறுவனங்கள் வேறு வேலைக்குப் போயிருக்கும், ஆட்கள் மாறியிருப்பார்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் மறுபடி தரச்சான்று வேண்டும். 99-இல் முதல் என்ஜின் 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. முதல் விமானமே 2024 மார்ச்சுக்குள் வந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். தாமதத்துக்கு அமெரிக்க நிறுவனத்தைத் திட்டுவது எளிது. 2016க்கும் 2021க்கும் நடுவே ஆர்டர் போடாமல் உட்கார்ந்திருந்தது யார் என்ற கேள்வி மட்டும் சங்கடமானது.

பழைய விமானங்களைப் பொறுத்தவரை நிலைமை அகழ்வாராய்ச்சி போலாகிவிட்டது. ஜாகுவார் போர் விமானத்தை இன்றும் பறக்கவிடும் ஒரே நாடு இந்தியா. பிரிட்டனும் பிரான்சும் ஓமனும் ஓய்வு கொடுத்துவிட்ட ஜாகுவார்களின் உடல்களையும் பாகங்களையும் வாங்கி வந்துதான் நம்முடையவற்றை ஓட்டுகிறோம். புது என்ஜின் பொருத்தும் திட்டம் இருந்தது. செலவு அதிகம் என்று 2019இல் கைவிடப்பட்டது. மிராஜ்-2000க்கும் பிரான்சின் பழைய விமானங்களை உதிரிக்காக வாங்கியிருக்கிறோம். இது கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் உலகில் வேறு யாரும் பறக்கவிடாத விமானத்தின் பழைய உடல்கள் ஒருநாள் தீர்ந்துபோகும். அந்த நாள் எது என்பதை ஒரு தாளில் எழுதி, அதற்கு முன் என்ன செய்வதென்று தீர்மானித்திருக்க வேண்டும்.

அரிய பாகத்தைத் தேடிச் சந்தைக்குப் போகிறவனுக்கு இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. உற்பத்தி நின்றுபோன மின்னணுப் பாகங்களைத் தேடும்போது போலிகள் நுழைகின்றன. 2012இல் வெளியான அமெரிக்க செனட் குழுவின் விசாரணை அறிக்கை, சந்தேகத்துக்குரிய போலி மின்னணுப் பாகங்கள் பற்றிய சுமார் 1,800 சம்பவங்களைப் பதிவுசெய்தது. பாகங்களின் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கு மேல். பெரும்பகுதியின் வழி சீனாவில் போய் முடிந்தது. தூக்கியெறிந்த மின்னணுக் குப்பையிலிருந்து சில்லுகளைப் பிடுங்கி, மேற்புறத்தைத் தேய்த்து, புது எண் அச்சிட்டு விற்கிறார்கள். அவை சி-130ஜே போன்ற விமானங்களின் உள்ளேயே போயிருந்தன.

ஒரே ஒருவர்தான் செய்கிறார் என்ற பாகத்தின் விலையும் அவர் சொல்வதுதான். டிரான்ஸ்டைம் என்ற நிறுவனம் விற்ற 47 பாகங்களை ஆராய்ந்து, 46-இல் நியாயமற்ற லாபம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் 2019இல் அறிவித்தார். நிறுவனம் ஒரு கோடியே 61 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. 2024இல் வந்த இன்னொரு ஆய்வில், சி-17 விமானக் கழிப்பறையின் சோப்புப் பெட்டிக்குச் சந்தை விலையைப் போல 80 மடங்கு கொடுத்தது தெரியவந்தது. அவர்களிடம் இதையெல்லாம் தோண்டி எடுத்துப் பொதுவில் போட ஒரு அமைப்பாவது இருக்கிறது.

நம்மிடம் அந்த வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. இந்தக் கட்டுரையில் நம் விமானங்களைப் பற்றி நான் தந்த சதவீதங்கள் எல்லாம் 2017க்கு முந்தியவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன் பின்னர் பாதுகாப்பு தொடர்பான சிஏஜி அறிக்கைகளை இணையத்தில் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். எதிரி நாடுகளும் படிக்கும் என்பது 2020இல் அன்றைய தலைமைத் தணிக்கையாளர் சொன்ன விளக்கம். எதிரிக்கு நம் ஓடுதளங்களின் செயற்கைக்கோள் படம் தினமும் கிடைக்கிறது. எந்த விமானம் எத்தனை நாளாக அசையாமல் நிற்கிறது என்று அவனால் எண்ண முடியும். எண்ண முடியாதவர் வரி கட்டுகிறவர்.

நியாயமாகச் சொன்னால், நிலைமை அப்படியே தேங்கிக் கிடக்கவில்லை. 2017 மார்ச்சில் ரஷ்ய நிறுவனங்களோடு சுகோய் உதிரிகளுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2018இல் நாசிக் அருகே ஓஜரில் உள்ள விமானப்படையின் சொந்தப் பழுதுபார்ப்பு மையம் தன் முதல் சுகோயை முழுதாகப் பிரித்துச் சேர்த்து ஒப்படைத்தது. 2024 செப்டம்பரில் 26,000 கோடி ரூபாய்க்கு 240 சுகோய் என்ஜின்கள் ஒடிசாவின் கோராபுட்டில் செய்ய ஒப்பந்தம், எட்டு ஆண்டில் தரவேண்டும். 2016 ரஃபேல் ஒப்பந்தத்தில், ஐந்தாண்டுக்குக் குறைந்தது 75 சதவீத விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்கும் என்ற உறுதியை விற்றவரிடமே எழுதி வாங்கினோம். 2025 ஏப்ரலில் கடற்படைக்கு 26 ரஃபேல் வாங்கியபோதும் அதேபோல் ஐந்தாண்டுப் பராமரிப்பு ஏற்பாடு சேர்ந்தது. முப்படைகளின் அன்றாட இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் 2024-25 நிதிநிலை அறிக்கையில் 92,088 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆக, பணம் இல்லை என்ற பழைய சாக்கு இப்போது முழுமையாகப் பொருந்தாது.

என் கவலை வேறு இடத்தில். இந்த ஐந்தாண்டு உறுதிகள் முடியும் நாள் எப்போதும் விமானத்துக்கு வயதாகத் தொடங்கும் நாளாகவே இருக்கும். புது விமானம் முதல் ஐந்தாண்டில் அதிகம் கெடாது. விற்றவருக்கு அந்தக் காலத்துக்கு உறுதி கொடுப்பது சுலபம். பதினைந்தாவது ஆண்டில் பறக்கவைப்பதுதான் கஷ்டம், அதற்கு அப்போது புதிதாகப் பேரம் பேச வேண்டும். அந்தப் பேரத்தில் நம் கையில் என்ன இருக்கும்? பாகத்தின் வரைபடமும் பழுதுபார்க்கும் உரிமையும் இல்லை என்றால் எதுவும் இருக்காது. அமெரிக்காவே எஃப்-35 விஷயத்தில் இந்தத் தொழில்நுட்பத் தரவுகளைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்காமல் விட்டுவிட்டு இன்று திண்டாடுகிறது. 2018இல் சுமார் 1.1 லட்சம் கோடி டாலர் என்றிருந்த அதன் வாழ்நாள் பராமரிப்பு மதிப்பீடு, 2023இல் 1.58 லட்சம் கோடியாகிவிட்டது.

உள்ளூரிலேயே செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். செய்யலாம். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியை இணைத்து 2019இல் தொடங்கிவைத்தார்கள். கோவையின் பம்ப், மோட்டார் பட்டறைகளுக்கு மைக்ரான் துல்லியம் புதிதல்ல. சூலூரிலேயே விமானப்படையின் பழுதுபார்ப்பு மையம் இருக்கிறது. உதிரிகளின் பட்டியலை வைத்து உள்ளூர் நிறுவனங்களை அழைக்க 2020 முதல் ஸ்ரீஜன் என்ற தளமும் உண்டு. தடை வேறு. ஒரு ஹைட்ராலிக் சீல் ஆண்டுக்கு ஐம்பது மட்டுமே தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அச்சு செய்து, சோதனை ஓட்டி, விமானத் தகுதிச் சான்று வாங்க ஆகும் செலவு அந்த ஐம்பதின் விலையைவிடப் பல மடங்கு. அடுத்த ஆண்டு ஆர்டர் தனக்கே வருமா என்பதும் பட்டறைக்காரருக்குத் தெரியாது, ஏனென்றால் குறைந்த விலை கேட்பவருக்கே அது போகும். இந்தக் கணக்கில் புத்தியுள்ள எந்த முதலாளியும் இறங்கமாட்டார். சான்றுச் செலவை அரசு ஏற்று, பத்தாண்டுக்குக் குறைந்தபட்ச ஆர்டரை உறுதிசெய்தால் இறங்குவார். மாநாடுகளில் நினைவுப்பரிசு கொடுப்பதைவிட இது மலிவு.

ஆட்கள் விஷயத்தையும் விட்டுவிட முடியாது. விமானத்தில் கை வைக்கும் டெக்னீஷியன் ஒரு நாளில் உருவாவதில்லை. தாம்பரம் போன்ற இடங்களில் அடிப்படைப் பயிற்சி முடித்து வருகிறவர், ஒரு ரக விமானத்தின் குரலைக் கேட்டே குறை சொல்லும் நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். 2022இல் வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தில் பயிற்சியையும் சேர்த்துப் பணிக்காலமே நான்கு ஆண்டு. அதன்பின் 25 சதவீதம் வரைதான் தொடர்வார்கள். காவலுக்கும் ஓட்டுநர் பணிக்கும் இது ஒத்துவரலாம். என்ஜின் பேரிங்கைத் தொடுகிற கைக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. தொழில்நுட்பப் பிரிவுகளுக்குத் தனி விதி வேண்டும்.

சுகோய், ரஃபேல், மிராஜ், மிக்-29, ஜாகுவார், தேஜஸ் என்று ஆறு ரகப் போர் விமானங்களை ஒரே படை பராமரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கிடங்கு, தனிக் கருவி, தனிப் பயிற்சி, தனி வெளிநாட்டுக் கடைக்காரர். போர் வந்தால் பறக்கும் மணிநேரம் சில மடங்கு கூடும். அமைதிக்கால நுகர்வை வைத்து நிரப்பிய கிடங்கு சில நாளிலேயே காலியாகும். அப்போது வெளிநாட்டு ஆலைக்கு அனுப்பும் ஆர்டர், சண்டை முடிந்தபின் வந்து சேரும். மேலும் 114 போர் விமானங்கள் வாங்கும் பேச்சு பல ஆண்டாக ஓடுகிறது. அது நிறைவேறும்போது, விலை என்ன, எத்தனை இங்கே கட்டப்படும் என்ற இரண்டு கேள்விகளோடு நம் விவாதம் முடிந்துவிடக் கூடாது. இருபதாவது ஆண்டில் எத்தனை சதவீதம் பறக்கும், பழுதான பெட்டி எத்தனை நாளில் திரும்பும், வரைபடம் யார் கையில் இருக்கும் என்பதை நாடாளுமன்ற நிலைக்குழு கையெழுத்துக்கு முன்பே கேட்டு, பதிலைப் பதிவுசெய்ய வேண்டும். பழைய ரகங்களின் சதவீதங்களையும் ரகவாரியாக இல்லாவிட்டாலும் மொத்தமாகவாவது ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

உடனடிக் கெடு ஒன்றும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் மேலும் 97 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டார்கள். அவற்றுக்காக நவம்பரில் கேட்ட 113 என்ஜின்களும் 2027க்கும் 2032க்கும் இடையே வந்து முடியும். அந்த விமானங்கள் 2050களிலும் பறக்க வேண்டியவை. 2032க்குப் பின் என்ஜின் தொடர் மீண்டும் மூடப்பட்டால் உதிரி எங்கிருந்து வரும் என்ற பதில் இப்போதே எழுத்தில் இருந்தாக வேண்டும்.